மத்தூருக்கு ஒரு செண்டு

ஓசூர் பஸ் நிறுத்தத்தில் பூ விற்ற அந்த அம்மாவுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. பூக்காரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும்.

பூ வாங்க யார் போனாலும் முதலில் ஒன்று கேட்பார்.

"இருக்கறவங்களுக்கா, போனவங்களுக்கா?"

தமிழில் கேட்டுவிட்டு அதையே கன்னடத்தில் கேட்பார். "இரோரிகா, ஹோதோரிகா?" அப்புறம் தெலுங்கில். எதிரே நிற்பவன் தமிழ் தவிர வேறு தெரியாதவனாக இருந்தாலும் மூன்று பாஷையிலும் கேட்டுத்தான் தீருவார். பதில் வாயால் வர வேண்டும். தலையாட்டினால் ஒத்துக்கொள்ளமாட்டார். பதில் வந்த பிறகுதான் கை கூடைக்குள் போகும்.

கல்யாணத்துக்குப் பூ வாங்க வந்தவனிடம் இப்படிக் கேட்டால் என்ன ஆகும்? சண்டைதான் ஆகும். பெண் வீட்டுக்காரர் ஒருவர் கூடையையே எட்டி உதைத்ததை நான் பார்த்திருக்கிறேன். பூக்காரம்மா பூவைப் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டு மறுபடி கேட்டார். அதே மூன்று பாஷை. அந்த ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு, "இருக்கறவங்களுக்குத்தான், இருக்கறவங்களுக்குத்தான்" என்றார். பூக்காரம்மா நிதானமாக முழம் போட்டார்.

நான் அப்போது ஓசூர், கிருஷ்ணகிரி வண்டிக்கு டிரைவர். ஒரு முதலாளியின் வண்டி. படிப்பு கொஞ்சம்தான், எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ரோடும் மனுஷங்களும்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் பக்கத்து ஆண்கள் நிறையப் பேர் பெங்களூரில் மில்லிலும் பேக்டரியிலும் இருந்தார்கள். சூளகிரி ஆள், கிருஷ்ணகிரி ஆள், பாரூர் ஆள், மத்தூர் ஆள். லீவு கிடைத்தால் வருவார்கள். கிடைக்காதவன் பூ அனுப்புவான். பெங்களூர் வண்டியில் வருகிற கண்டக்டரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிடுவான். இன்ன ஊர், இன்னார் வீடு, இன்ன பூ. கண்டக்டர் ஓசூரில் இறங்கிப் பூக்காரம்மாவிடம் சொல்வார். பூக்காரம்மா கட்டி, ஈர வாழைமட்டையில் வைத்துச் சுற்றி, நாரால் முடிச்சுப் போட்டு என் வண்டியில் ஏற்றுவார். மட்டைக்குள் இருந்தால் பூ அப்போதுதான் பறித்த மாதிரி இருக்கும். வெயில் அண்டாது, புழுதி அண்டாது.

என் சீட்டுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து வைத்திருந்தேன். அதில் மாட்டிக்கொண்டு போவேன். வழியில் இறக்க வேண்டியதை இறக்குவேன். மத்தூர், பாரூர் பொட்டலம் எல்லாம் கிருஷ்ணகிரியில் வேறு வண்டிக்கு மாறும். ஆரன் சத்தம் கேட்டால் பெண்கள் நிறுத்தத்துக்கு வந்து நிற்பார்கள். பொட்டலம் வாங்குகிற பெண் யாரையும் பார்க்காமல் சிரிக்கும். பொட்டலம் வராத பெண் வேறு வேலையாக வந்த மாதிரி நிற்கும்.

பூக்காரம்மா ஆனேக்கல் பக்கத்துப் பெண். கட்டிக்கொடுத்து ஓசூர் வந்தவர். வீட்டில் கன்னடம். தமிழ் இங்கே வந்து பழகியது. கை பெரிய கை. நார் இழுத்து இழுத்து ஆள்காட்டி விரலில் ஒரு கறுத்த கோடு விழுந்திருக்கும். வீட்டுக்காரர் சைக்கிளில் மத்திகிரிப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய்ப் பூ எடுத்து வருவார். அவர் பேசி நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான். மடி நிறையப் பூவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவின் தலையில் ஒரு பூ இருக்காது. வெறும் கொண்டை. புருஷன் கண்ணெதிரே இருக்கிறவர், பூ விற்கிறவர், பூ வைக்கமாட்டார். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள்.

ஒரு தடவை மீட்டிங்குக்குப் பெரிய தலைவர் வருகிறார் என்று கட்சிக்காரர் நாலு பேர் மாலை வாங்க வந்தார்கள். பூக்காரம்மா கேட்டார். ஒருவருக்கு முகம் சிவந்துவிட்டது. கூட வந்தவர் அவர் தோளைத் தட்டி, "இப்போதைக்கு இருக்காருன்னு சொல்லுங்க. எலெக்சன் முடிஞ்சதும் அம்மாகிட்ட வந்து மாத்திச் சொல்லிக்கலாம்" என்றார். நிறுத்தமே சிரித்தது. பூக்காரம்மா சிரிக்கவில்லை. "இருக்காருன்னு சொல்லுங்க" என்றார். சொன்ன பிறகுதான் மாலை.

கோபப்படாமல் பதில் சொன்னவர் ஒருவர்தான். துணி வியாபாரம் செய்த பாய். வியாழக்கிழமை தோறும் தர்காவுக்கு ரோஜா வாங்குவார். முதல் தடவை கேள்வியைக் கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்தார். "ரெண்டுக்கும்தாம்மா" என்றார். பூக்காரம்மாவுக்கு அது பிடித்திருக்க வேண்டும். அதற்கப்புறம் அவரிடம் மட்டும் கேட்கமாட்டார். அவரே சொல்லிவிடுவார்.

நான் ஒரு நாள் வாங்கப் போனேன். வீட்டில் ஏதோ மனத்தாங்கல். பூ வாங்கிப் போனால் சரியாகும் என்று பட்டது. தினமும் பார்க்கிற ஆள், என்னிடம் கேட்கமாட்டார் என்று நினைத்தேன். கேட்டார். "எங்க ஊட்டுக்கு" என்றேன். எங்கள் பக்கம் ஊடு என்றால் பெண்டாட்டி. பூக்காரம்மா கூடையில் கை வைக்கவில்லை.

"ஊட்டுக்குன்னா, டிரைவரண்ணா? இருக்காங்களா?"

"காலையில சோறு போட்டுதான் அனுப்பிச்சா" என்றேன். எரிச்சல்தான். ஆனால் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, உள்ளேயிருந்து குரல் வரும் வரை கை பூவோடு அப்படியே நின்றது. குரல் வந்தது. அன்றைக்குத்தான் அந்தக் கேள்வி எப்படிப்பட்டது என்று தெரிந்தது.

அவர் முன்பெல்லாம் அப்படிக் கேட்டதில்லை. நான் அந்த ரூட்டுக்கு வந்த புதிதில் சிரித்த முகமாகத்தான் இருந்தார். தலை நிறையப் பூவும் இருந்தது. மாறியதற்குக் காரணம் ஒரு சொல்.

மத்தூர்ப் பெண் ஒருத்தி. அவள் புருஷனுக்குப் பெங்களூரில் பேக்டரி வேலை. அவள் தாய்வீட்டில் இருந்தாள். வளைகாப்பு வைத்திருந்தார்கள். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. பெங்களூரில் வெள்ளைக்காரப் பெண்கள் கையில் பூச்செண்டு பிடித்துக்கொண்டு நிற்பதை அவன் பார்த்திருக்கிறான். தன் பெண்டாட்டி கையிலும் அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று ஆசை. பெங்களூர் வண்டிக் கண்டக்டரிடம் சொன்னான்: மத்தூருக்கு ஒரு செண்டு கட்டி அனுப்பச் சொல்லுங்க.

கண்டக்டர் கன்னடக்காரர். கேட்டதைக் கேட்டபடி பூக்காரம்மாவிடம் வந்து சொன்னார். "மத்தூரிகெ ஒந்து செண்டு களிஸ்பேக்கந்தெ." வளைகாப்புக்கு என்பதையும் சொன்னார்.

கன்னடத்தில் செண்டு என்று பூவுக்குச் சொன்னால் அது துலுக்கச் சாமந்தி. செண்டு ஹூவு. அவர்கள் பக்கம் விசேஷத்துக்கு வாசலில் அதைத்தான் தோரணம் கட்டுவார்கள். அது இல்லாமல் பண்டிகை இல்லை. பூக்காரம்மா சந்தோஷமாகிவிட்டார். வீட்டுக்காரரை விடியும் முன்னே தோட்டத்துக்கு விரட்டினார். இருப்பதிலேயே பெரிய பூவாகப் பொறுக்கி, நெருக்கி, நீளமாகக் கட்டினார். அதைச் சுருட்டி மட்டையில் வைத்து முடிச்சுப் போட்டார். வளைகாப்புப் பூ, பத்திரம் என்று என்னிடம் கொடுத்தார். கனமாக இருந்தது. கிருஷ்ணகிரியில் மத்தூர் வண்டியில் மாற்றினேன்.

மத்தூர்ப் பக்கம் அந்தப் பூவைத் தலையில் வைக்கமாட்டார்கள். நல்ல காரியத்துக்கு வீட்டுக்குள் எடுக்கமாட்டார்கள். அந்த ஜனத்தில் அது பாடைக்குக் கட்டுகிற பூ. வெளியூரில் ஒருவன் செத்துப் பிணத்தைக் கொண்டுவருகிறார்கள் என்றால், பாடைக்கு வேண்டிய பூ டவுனிலிருந்து முந்தின பஸ்ஸில் வந்துவிடும். பூ வந்தது என்றால் பின்னால் பிணம் வருகிறது என்று அர்த்தம்.

மறுநாள் காலை கிருஷ்ணகிரியில் என் வண்டியில் இரண்டு பேர் ஏறினார்கள். தலையில் துண்டு. யாரோடும் பேச்சில்லை. ஓசூரில் இறங்கிப் பெங்களூர் வண்டிக்கு நின்றார்கள். அதில் பெரியவர் பூக்காரம்மாவைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் போனார். நான் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"மத்தூருக்குப் பூ அனுப்பிச்சது நீதானம்மா?"

"நான்தாங்க" என்றார் பூக்காரம்மா. முகமெல்லாம் மலர்ச்சி. "நல்லா இருந்திச்சுங்களா?"

பெரியவர் அவரையே பார்த்தார். அப்புறம் கேட்டார். "எப்பிடிச் செத்தானாம்? உங்கிட்ட எதுனா சொன்னாங்களா?"

"யாருங்க?"

"எங்க மாப்பிள்ளெ."

பூக்காரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அப்போது பெங்களூர் வண்டி வந்தது. அதே கண்டக்டர். பெரியவர் கேட்க, கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அந்த ஆள் நேற்றுக்கூட வண்டிக்குப் பக்கத்தில் வந்து, பூ போய்ச் சேர்ந்ததா என்று கேட்டானே என்றார். பெரியவர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். கூட வந்தவர் சிரித்தார். சிரிப்பு நிற்காமல் அழுகையில் முடிந்தது. ஆனாலும் கண்ணால் பார்க்காமல் ஊர் திரும்ப முடியாது என்று பெங்களூர் போனார்கள். சாயங்காலம் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

என் வண்டி கிளம்ப நேரம் இருந்தது. அந்தப் பையன் நேரே பூக்காரம்மா முன்னால் போய் நின்றான். எண்ணெய்க் கறை படிந்த சட்டை. மாற்றக்கூட விடாமல் இழுத்து வந்திருக்கிறார்கள்.

"நான் செண்டு கேட்டேம்மா" என்றான். கோபமில்லை.

"செண்டுதானப்பா கட்டுனேன்" என்றார் பூக்காரம்மா.

அவன் கையை மூடி, பூச்செண்டு பிடிப்பது போல் காட்டினான். பூக்காரம்மா அந்தக் கையைப் பார்த்தார். கண்டக்டரைப் பார்த்தார். மூன்று பேரும் சொன்னது ஒரே சொல். ஒருவர் சொன்னதிலும் தப்பில்லை. பக்கத்தில் நின்ற யாரோ, செத்தான் என்று பேச்சு வந்தவனுக்கு ஆயுசு கெட்டி என்று சொன்னார்கள். பெரியவர்கூடக் கொஞ்சம் சிரித்தார். மத்தூரில் என்ன ஆயிற்று என்று அப்போது யாருக்கும் முழுதாகத் தெரியாது.

மத்தூர் வண்டி டிரைவர் எனக்குப் பழக்கம். அவர்தான் பிறகு சொன்னார். பொட்டலத்தைக் கொடுத்த அவர் வண்டிக் கண்டக்டர் ஓசூரிலிருந்து என்று மட்டும் சொல்லிவிட்டு விசில் ஊதியிருக்கிறார். உள்ளே பெண்கள் கூட்டம். அந்தப் பெண் கன்னத்தில் சந்தனத்தோடு, முழங்கை வரை வளையலோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் பூ அனுப்பியிருக்கிறான், முதலில் அதைத் தலையில் வை என்று அவள் எதிரிலேயே பிரித்தார்கள். மட்டைக்குள் மஞ்சளும் சிவப்புமாகச் சுருண்டு கிடந்தது. சுற்றி நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்களாம். அப்புறம் ஒரு பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டாள். மற்றவர்கள் பிடிப்பதற்குள் அந்தப் பெண் எழுந்து இரண்டு கையையும் நிலைக்கதவில் அடித்துக்கொண்டாள். வளையல் பூராவும் வாசற்படியில். மாப்பிள்ளையைத் தேடி ஆண்கள் கிளம்பின பிறகு அவளுக்கு வலி கண்டது. குழந்தை பிறந்தது. தங்கவில்லை.

இதை நான் பூக்காரம்மாவிடம் சொன்னேன். யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். கேட்டுவிட்டு, "ஆணா, பெண்ணா?" என்றார். எனக்குத் தெரியாது. தெரியாது என்றேன். பூக்காரம்மா தன் தலையில் இருந்த பூவை எடுத்துக் கூடைக்கு வெளியே வைத்தார். அதோடு சரி.

அந்தப் பெண் எழுந்து நடமாட ஆரம்பித்தாள். புருஷன் மாதம் ஒருமுறை வந்து போனான். தாலி கழுத்தில் இருந்தது, அதை அவிழ்ப்பதற்குள் ஆள் வந்துவிட்டான். ஆனால் வளையல் போடவில்லை. பூ வைக்கவில்லை. பொட்டு மட்டும். பெரியவர்கள் எவ்வளவோ சொன்னார்கள். "போட்டத என் கையாலேயே ஒடச்சேன். மறுபடி போட்டா மறுபடி ஒடைக்கணும்" என்றாளாம். ஊரில் அவளை என்ன சொல்வது என்று தெரியவில்லை. சுமங்கலிதான். ஆனால் நலங்கு வைக்கக் கூப்பிடமாட்டார்கள். ஆரத்தி எடுக்க விடமாட்டார்கள். எதிரே வந்தால் சில பேர் செருப்பை மாட்டுகிற மாதிரிக் குனிந்து நிற்பார்களாம், அவள் தாண்டிப் போகட்டும் என்று.

பூக்காரம்மாவுக்கு அப்போது பிடித்த பிடிவாதம், அந்தப் பெண் தலையில் பூ ஏற வேண்டும் என்பது. வேறு எதுவும் அவருக்கு முக்கியமில்லை. வெள்ளிக்கிழமை தோறும் மல்லிச்சரம் ஒன்று கட்டுவார். மட்டையில் வைத்து முடிச்சுப் போட்டு, மத்தூருக்கு என்று கொடுப்பார். மத்தூர் வண்டியில் போகும். சாயங்காலமே கிருஷ்ணகிரிக்குத் திரும்பி வந்துவிடும். நான் ஓசூருக்குக் கொண்டுவருவேன். அந்தப் பெண்ணே நிறுத்தத்துக்கு வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறாள் என்று மத்தூர் டிரைவர் சொல்வார்.

பூக்காரம்மா திரும்பி வந்த பொட்டலத்தை வாங்கி முடிச்சை அவிழ்ப்பார். உள்ளே மல்லி விரிந்து, மணந்துகொண்டிருக்கும். அதை யாருக்கும் விற்கமாட்டார். வீட்டுக்காரர் சைக்கிளில் எடுத்துப்போய் ஏரியில் விட்டுவிட்டு வருவார். அடுத்த வெள்ளி மறுபடி.

விட்டுவிடச் சொல்லி நான் ஒரு தடவை சொன்னேன். வேண்டாம் என்கிறவளுக்கு எதற்கு என்றேன்.

"வேணாம்னு நேர்ல வந்து சொல்றாளே அண்ணா" என்றார். "வராமலே இருந்துட்டா அப்போ நிறுத்தலாம்."

அந்தக் கேள்வி ஆரம்பித்ததும் அந்த நாட்களில்தான். முதலில் தமிழில் மட்டும் கேட்டார். அப்புறம் ஒரு பாஷையை நம்பக் கூடாது என்று மூன்றிலும்.

மழை ஓய்ந்த ஒரு காலம். கிருஷ்ணகிரியில் என் வண்டியில் ஒரு பெண் ஏறினாள். தனியாக. எனக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தாள். கையில் வளையல் இல்லை. பொட்டு இருந்தது. நான் கண்ணாடியில் பார்த்தேன். மத்தூர்ப் பெண் என்று தெரிந்துவிட்டது. ஓசூரில் எல்லோரும் இறங்கிய பிறகு, பூக்கடை எது என்று கேட்டாள். கையைக் காட்டினேன். அவள் போன பிறகு நானும் இறங்கிப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பட்டது.

பூக்காரம்மா வழக்கம்போலக் கேட்டார். மூன்று பாஷையிலும் கேட்டார். அந்தப் பெண் திருப்பிக் கேட்டாள்.

"மத்தூருக்கு வெள்ளிக்கெழமெ பூ அனுப்பறது நீங்கதானுங்களா?"

பூக்காரம்மா எழுந்தார். மடியில் இருந்த பூ எல்லாம் தரையில் கொட்டியது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

"இனிமே அனுப்பாதீங்க" என்றாள் அந்தப் பெண். குரல் தணிந்துதான் இருந்தது. "வெள்ளிக்கெழமெ ஆனா எனக்குச் சோறு எறங்கறதில்ல. ஆரன் சத்தம் கேட்டா அன்னிக்கு வந்த மாதிரியே இருக்குது. நிறுத்தத்துக்கு வந்து அந்த மட்டையப் பாக்கறேன். அவரு போன வாரம்தான் வந்துட்டுப் போனாரு, நல்லாத்தான் இருக்காருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சாலும் பாக்கறேன். வாராவாரம் எங்க ஊட்டுக்காரரச் சாகடிக்கறீங்கம்மா."

"மல்லிதானம்மா அனுப்பறேன்" என்றார் பூக்காரம்மா. "மல்லி தவிர ஒண்ணும் அனுப்பலியே."

"எனக்கென்ன தெரியும்? நான் ஒருக்காகூடத் தெறந்ததில்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பி வந்த ஒவ்வொரு பொட்டலத்திலும் பூக்காரம்மா போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அவர்தான் அவிழ்த்தார். பூ பிடிக்காமல் திருப்பி அனுப்புகிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு உள்ளே பூ என்ன என்பதே தெரியாது.

பூக்காரம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். பிறகு கூடையிலிருந்து ஒரு சரத்தை எடுத்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்து, அதன்மேல் வைத்து நீட்டினார்.

"மூடாம குடுத்தா வாங்கிக்குவியா?"

அந்தப் பெண் சரத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு பூவாகப் பார்க்கிற மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். கை நீட்டவில்லை.

"இப்ப முடியாதுங்க" என்றாள்.

"எப்ப?"

"அது தெரியலீங்க. மூடி மட்டும் அனுப்பாதீங்க. தூரத்துல வரும்போதே என்னான்னு தெரியணும்."

குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பூக்காரம்மா பூவுக்குத் தெளிக்கிற பானையிலிருந்து மொண்டு கொடுத்தார். அண்ணாந்து குடித்தாள். என் வண்டியிலேயே திரும்பிப் போனாள். கிருஷ்ணகிரி வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மல்லிச்சரத்துக்கு மட்டை இல்லை. வெறும் சரம். என் முன்கண்ணாடிக்கு மேலே, வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரிக் கட்டச் சொன்னார் பூக்காரம்மா. கட்டினேன். வண்டியில் ஏறியவர்கள், "என்ன டிரைவரே, வண்டிக்குக் கண்ணாலமா?" என்றார்கள். சூளகிரி தாண்டுவதற்குள் வெயிலும் காற்றும் புழுதியும் சேர்ந்து சரம் பழுப்பு ஏறிவிட்டது. மத்தூர் வண்டிக்கு மாற்றும்போது பாதி கயிறாக இருந்தது. இதை எதற்கு எடுத்துப் போக வேண்டும் என்று மத்தூர் டிரைவர் கேட்டார். எடுத்துப் போங்கள் என்றேன்.

அன்றைக்கு அவள் நிறுத்தத்துக்கு வந்து, வண்டி திரும்பும்போதே தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாளாம். வேண்டாம் என்று சொல்லவில்லை. சரம் மறுபடி ஓசூருக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த ஏதோ ஒரு வெள்ளியில் வரவில்லை.

"என்னாச்சு?" என்றேன்.

"வாங்கிக்கிச்சு" என்றார் மத்தூர் டிரைவர்.

பூக்காரம்மாவிடம் சொன்னேன். ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தலைல வெச்சாளா?"

"இல்ல. கையில வாங்கிக்கிட்டுப் போச்சாம்."

சரி என்று தலையாட்டிவிட்டு நாரை எடுத்தார்.

அதற்கப்புறம் அவர் எந்தப் பூவையும் மூடி அனுப்பவில்லை. மத்தூருக்கு மட்டும் இல்லை, யாருக்குமே. என் வண்டி முன்னால் சரம் சரமாகத் தொங்கும். போய்ச் சேரும்போது பாதி வாடியிருக்கும். பெங்களூர் ஆட்கள் வந்து சத்தம் போட்டார்கள். ஆசையாக அனுப்புகிற பூ வாடி வந்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றார்கள். "வாடினா வாடுனதுன்னு கண்ணுக்குத் தெரியுமில்ல" என்றார் பூக்காரம்மா. அது அவர்களுக்கு ஒரு பதிலாகப் படவில்லை. எதிர்ப்பக்கம் வேறு ஒருத்தர் கூடை போட்டார். வாழைமட்டை, ஈரத்துணி எல்லாம் வைத்துக்கொண்டார். கேள்வி ஒன்றும் கேட்பதில்லை. கூட்டம் அங்கே போயிற்று. பூக்காரம்மாவிடம் உள்ளூர் ஆட்களும், தர்காவுக்கு வாங்குகிற பாயும், என் வண்டியில் போகிற மத்தூர்ச் சரமும்தான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி வந்து நின்றதும் அவர் கேட்பார். தலைல வெச்சாளா? இல்லை, கையில் வாங்கினாள் என்பேன். அந்தப் பெண் தலையில் வைத்த அன்றைக்குத்தான் தானும் வைப்பது என்று அவர் இருந்தார். அதை அவர் வாயால் சொன்னதில்லை. அவர் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை என்னிடம் பேசினார், அப்போது சொன்னதுதான். அவர் கேட்கும்போதெல்லாம் இல்லை என்று சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

பிறகு முதலாளி என்னைச் சேலம் ரூட்டுக்கு மாற்றினார். புதிதாக வந்த டிரைவர் வயசுக்காரன், நல்லவன். வண்டியை ஒப்படைக்கும்போது பிரேக்கைப் பற்றிச் சொன்னேன், சூளகிரிப் பக்கத்து ஏற்றத்தைப் பற்றிச் சொன்னேன். வெள்ளிக்கிழமைச் சரத்தைப் பற்றியும், சாயங்காலக் கேள்வியைப் பற்றியும் சொன்னேன். பூக்காரம்மா ஏன் வெறும் தலையோடு இருக்கிறார் என்பதையும் சொன்னேன்.

அவன் யோசித்துவிட்டு, "வெச்சிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா என்னண்ணா? அந்தம்மாவுக்கும் நிம்மதியா இருக்குமே" என்றான்.

"சொன்னா அந்தம்மா தலைல பூ வெச்சுக்கும்" என்றேன். "அப்புறம் ஒரு நாள் மத்தூர்ல இருந்து அந்தப் பொண்ணு வந்து எதிர்ல நிக்கும். வெறுந்தலையோட."

நான் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.